ஓடாத காருக்கு எதற்கு ஆயில்? – வாசகர் கேள்வி பதில்

2019 மாடல் பெட்ரோல் கார். கோயில், கடைத்தெரு தவிர எங்கும் எடுப்பதில்லை. போன சர்வீஸுக்குப் பிறகு ஓடியது 2,800 கி.மீ.தான். அதற்குள் ஆயில் மாற்றச் சொல்லி சர்வீஸ் சென்டரிலிருந்து போன் மேல் போன். 10,000 கி.மீ. ஆகவில்லையே, இது பணம் பிடுங்கும் வேலைதானே?
– வாசகர், கும்பகோணம்

வேறு பல விஷயங்களில் உங்கள் சந்தேகம் நியாயம். இதில் இல்லை. மேனுவலில் அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு '10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது' என்றுதான் இருக்கும். நமக்கெல்லாம் கிலோமீட்டர் கண்ணில் படும், பின்பாதி படாது.

இன்னொன்றும் அதே மேனுவலில் இருக்கும். குறைந்த தூரமே ஓடி நிற்கும் காரை அது 'கடினமான பயன்பாடு' என்ற கணக்கில் சேர்த்திருக்கும். காரணம் இருக்கிறது. ஆறிக்கிடக்கும் இன்ஜினை எழுப்ப வழக்கத்தைவிடக் கூடுதலாக பெட்ரோல் பாய்ச்ச வேண்டும். எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் சேர்கிறது. எரிந்த பெட்ரோலும் சும்மா போவதில்லை. ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி புகைக்குழாயில் போய்விட, கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி ஆயிலில் குளிர்ந்து தங்குகிறது. ஆயில் 90, 100 டிகிரிக்குச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் இவை மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டரில் ஆயில் அந்தச் சூட்டைத் தொடவே தொடாது. ஆக, உங்கள் காரில் தண்ணீரும் பெட்ரோலும் அவற்றோடு உருவாகும் அமிலமும் மாதக்கணக்கில் ஆயிலிலேயே ஊறுகின்றன. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உட்புறம் வெண்ணெய் தடவியது போல வெளிறிய பிசுக்கு இருந்தால் அது இந்தக் கலவைதான். பிசுக்கு தொடர்ந்து சேர்ந்தாலோ, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு குறைந்தாலோ, அது ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு மூன்றிலிருந்து மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும். மேனுவல் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைச் சொல்லியிருந்தால் அதையே ஊற்றச் சொல்லுங்கள். 'நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது' என்பது பழைய இன்ஜின்களோடு போன பேச்சு. ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரும், வடிகால் போல்ட்டின் வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். பத்து, இருபது ரூபாய் வாஷரை மிச்சம் பிடித்துவிட்டு, கசிவை நிறுத்த போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கி, கடைசியில் ஆயில் சம்ப்பின் (அடியில் ஆயில் தங்கும் தொட்டியின்) மரையே போய்விடும்.

மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை நீங்களே பாருங்கள். சமதரையில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, உருவித் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுங்கள். கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் நடுவில் இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றக் கூடாது. கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை மசகு போடாது. வாரம் ஒருமுறை தஞ்சாவூர் வரை ஒரு நடை போய் வந்தாலே உங்கள் காரின் பாதிப் பிரச்சினை தீரும்.

ரேடியேட்டருக்குத் தண்ணீரே போதும், கூலன்ட் எல்லாம் பனி பெய்யும் ஊருக்குத்தான் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். சரியா?
– வாசகர், வேலூர்

உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. வேலூருக்கு மற்ற இரண்டும் முக்கியம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைகால் பாதியும் தண்ணீர் பாதியும் சேர்ந்த கலவை அதைவிடச் சில டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்தால் அது 120-க்கு மேல் போகும். மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் இந்த லாபம் போச்சு, அதனால் மூடியும் ஒரு பாகம்தான் என்று நினைவில் வையுங்கள். இரண்டாவது, துருத் தடுப்பு. இன்றைய இன்ஜினின் ஹெட், ரேடியேட்டர் எல்லாம் அலுமினியம். போர்வெல் தண்ணீர் அதை அரிக்கும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் சூடு வெளியேற வழி இருக்காது. வாட்டர் பம்ப்பின் சீலும் கெடும்.

கலப்பதற்கு டிஎம் வாட்டர் எனப்படும் உப்பு நீக்கிய தண்ணீரை வாங்குங்கள். ரெடிமிக்ஸ் கூலன்ட்டில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் பார்த்து வாங்குவதும் தவறு. நிறம் கம்பெனியின் இஷ்டம், மேனுவல் சொல்லும் வகைதான் கணக்கு. வழியில் அளவு குறைந்து, வேறு எதுவும் கிடைக்காவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம், பிறகு முழுதாக வடித்து மாற்றிவிடுங்கள்.

முள் சிவப்புக்குப் போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அரை மணி நேரமாவது ஆறும் வரை மூடியில் கை வைக்காதீர்கள். முகம் வெந்துபோகும்.

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது பாதி வழியில் தீய்ந்த வாடை. கடைசி வளைவுகளில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கீழே வந்து ஒரு மணி நேரம் நின்றதும் சரியாகிவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு 'பேட் நல்லா இருக்கு, ஒண்ணும் இல்லை' என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.
– வாசகர், சேலம்

ஒப்பாததே நல்லது. பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) நன்றாக இருக்கலாம். கெட்டிருப்பது பிரேக் ஆயில்.

கொல்லிமலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. ஒரு கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஒரு கிலோவாட் வாட்டர் ஹீட்டரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடவிடும் அளவு. நீங்கள் பிரேக்கிலேயே இறங்கினால் அவ்வளவு சூடும் நான்கு சக்கரங்களில், அதிலும் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்குகளில் இறங்கும்.

சூடு ஏறும்போது இரண்டு விதமாகக் கோளாறு வரும். பெடல் கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு போல உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் உங்கள் கால் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. ஆயிலில் ஆவிக் குமிழ் உண்டானால் கால் அந்தக் குமிழைத்தான் அமுக்கும். ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகும், பெடலும் 'சரியாகிவிடும்'. உங்களுக்கு நடந்தது இது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி என்பது தரநிர்ணயம். சுமார் 3.7 சதவீதம் ஈரம் ஏறிய நிலையில் அதுவே 155. டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு இறங்கும். ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலையில்தான் தெரியும், அதுவும் தெரியக் கூடாத இடத்தில்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். மேலே டப்பாவில் உள்ளதை உறிஞ்சிவிட்டுப் புதிதை நிரப்புவது மாற்றியதாகாது. சூடேறும் ஆயில், சக்கரத்தில் பேட்டை அழுத்தும் காலிப்பரில் இருக்கிறது. நான்கு சக்கரங்களிலும் பழைய ஆயிலை வடிக்கும் பிளீடிங் நிப்பிளைத் திறந்து, தெளிந்த புது ஆயில் வரும்வரை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் வாங்கினால் சின்னக் காருக்குத் தாராளம். சீல் உடைத்துப் பல மாதம் ஆன பாட்டிலிலிருந்து ஊற்ற விடாதீர்கள், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். டப்பாவில் அளவு குறைந்தால் உடனே நிரப்பாமல் பேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். புதுப் பேட்டின் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடலாம்.

இறங்கும் முறையும் முக்கியம். இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். இன்ஜின் உறுமும், உறுமட்டும், அது வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கை மிதித்தபடியே வராமல் அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், டிஸ்க் ஆற இடைவெளி கிடைக்கும். 'பெட்ரோல் மிச்சம்' என்று நியூட்ரலில் இறங்குபவர்களுக்கு ஒன்று: கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான், இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலுக்குச் செலவாகும். வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் காத்திருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும்.

பேட்டரி வாங்கி இரண்டரை வருஷம். காலையில் திடீரென்று செல்ஃப் எடுக்கவில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் போகுமா?
– வாசகி, திருச்சி

போகும். குளிர் நாட்டில்தான் பேட்டரி சாகும் என்று நினைக்கிறோம். அங்கே பலவீனம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். உள்ளே தட்டுகளை அரிப்பது வெயில். நம் ஊரில் மூன்று, நான்கு வருடம் வந்தால் நல்ல ஆயுள்.

புதிது வாங்கும் முன் அளந்து பாருங்கள். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலமிழந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும், காட்டாவிட்டால் குற்றவாளி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். புதுப் பேட்டரி போட்டும் ஒரு வாரத்தில் அதே கதைதான். எல்லாம் சரியாக இருந்தும் இரவில் இறங்கினால், டேஷ்கேம், வெளியே வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டம் போன்றவை மின்சாரம் இழுக்கின்றனவா பாருங்கள். நிறுத்திய கார் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் எங்கோ கசிவு.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்பானர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

சர்வீஸ் பில்லில் 'இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி க்ளீனிங், இன்ஜெக்டர் க்ளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், அண்டர்பாடி கோட்டிங்' என்று ஐந்து வரி. கார் ஓடியது 20,000 கி.மீ. எது தேவை?
– வாசகர், கோவை

மேனுவலின் அட்டவணையில் இந்த ஐந்தில் எத்தனை இருக்கின்றன என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது.

நேரத்துக்கு ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு ஃப்ளஷ் வேண்டாம். மாற்றாமல் பல வருடம் ஓடிய இன்ஜினிலோ ஆபத்து: ஒரேயடியாகப் பெயரும் கசடு, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடலாம். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை, ஐடில் ஏறி இறங்கினாலோ, சிக்னலில் இன்ஜின் அணைந்தாலோ சுத்தம் செய்யலாம். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் அதே விதி, அறிகுறி இல்லாமல் வைத்தியம் வேண்டாம். ஏசி வாடைக்கு முதல் மருந்து, உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர். க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பல கார்களில் நீங்களே ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். அடிப்பாகக் கோட்டிங், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பயன் தரலாம். கோவைக்கு எங்கள் ஓட்டு இல்லை. அடிப்பதாக இருந்தாலும் கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைக்காமல் அடிக்க வேண்டும். அடைத்தால் உள்ளே நீர் தங்கித் துருப்பிடிக்கும், காசு கொடுத்துத் துரு வாங்கிய கதை.

அதே 20,000 கி.மீ.யில் உண்மையில் செய்ய வேண்டியதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள்: டயர்களை இடம் மாற்றுவது, வீல் அலைன்மென்ட், ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்பது, பின்பக்க பிரேக் டிரம்மைத் திறந்து தூசி எடுப்பது. வண்டியை விடும்போது ஜாப் கார்டில் 'கேட்காமல் கூடுதல் வேலை வேண்டாம், மாற்றிய பழைய பாகங்களைக் காரில் வைக்கவும்' என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். இந்த ஒரு வரிக்குப் பில்லில் நல்ல பலன் உண்டு.

பிஎஸ்6 டீசல் கார். தினமும் பள்ளிக்கூடத்துக்கு 4 கி.மீ. போய் வருகிறேன். டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது. ஆயில் அளவும் ஏறியிருக்கிறது! ஆயில் எப்படிக் கூடும்?
– ஆசிரியை, மதுரை

கூடியது ஆயில் இல்லை, டீசல்.

2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து விற்கும் பிஎஸ்6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அது நிரம்பியதும், புகைப்பாதையைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கிக் கரியை எரித்துவிட வேண்டும். அந்தச் சூட்டுக்காகப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் தாமதமாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். வேலை முடிவதற்குள் நீங்கள் பள்ளிக்கூட வாசலில் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். மறுநாள் அது முதலிலிருந்து முயலும். ஒவ்வொரு அரைகுறை முயற்சியிலும் கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கும்.

விளக்கு மட்டும் எரிந்தால் நான்குவழிச் சாலைக்குப் போய் 20, 25 நிமிடம் 60 கி.மீ.க்குக் குறையாமல், 2,000 ஆர்பிஎம் அருகில் ஓட்டுங்கள். டேங்கில் டீசல் போதிய அளவு இருக்கட்டும், மிகக் குறைவாக இருந்தால் பல கார்கள் எரிக்கும் வேலையைத் தொடங்காது. இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால், இழுவை குறைந்தால், ஒர்க்‌ஷாப்பில் கணினி மூலம் எரிக்க வேண்டும். ஆயில் மேல் குறியைத் தாண்டியிருப்பதால் அதை உடனே மாற்றுங்கள், நீர்த்த ஆயில் டர்போவைத் தின்றுவிடும். புது ஆயில் சாம்பல் குறைந்த, டிபிஎஃப் வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கும்.

ஒளிக்காமல் சொன்னால், 4 கி.மீ.க்கு டீசல் கார் வாங்கியிருக்கக் கூடாது. அடுத்த கார் வாங்கும்போது பெட்ரோலையோ மின்சாரத்தையோ பாருங்கள்.

டயர் பட்டன் நன்றாக இருக்கிறது, ஆனால் 2017-இல் வாங்கியது. மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

வாங்கிய தேதி இருக்கட்டும், பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் முடிவில் வரும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016-இன் 23-வது வாரம் செய்தது. அத்தனை வயதில் ரப்பர் இறுகியிருக்கும். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், தெரியாவிட்டாலும் நெடுஞ்சாலைக்கு அந்த டயர் வேண்டாம். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். காற்றைக் காலையில் கார் ஓடும் முன் அளவிடுங்கள். எவ்வளவு பிஎஸ்ஐ என்பது டிரைவர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும், டயரில் எழுதியிருப்பது உச்சவரம்பு. மத்தியான வெயிலில் ஓடி வந்து 'காற்று அதிகம்' என்று இறக்கிவிடாதீர்கள்.

ஒவ்வொரு கோடையிலும் ஏசிக்கு கேஸ் நிரப்புகிறேன். இது வழக்கம்தானே?
– வாசகர், விருதுநகர்

இல்லை. ஏசி மூடிய சுற்று. வருடா வருடம் கேஸ் தீர்ந்தால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் முன்புறம் கல்லடி படும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரிலோ, குழாய் இணைப்பின் ஓ-ரிங்கிலோ இருக்கும். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ, சாயம் கலந்தோ கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும். பானட்டுக்கு அடியில் எத்தனை கிராம் என்று ஸ்டிக்கர் இருக்கும். எடை பார்க்கும் மிஷினில் அந்த அளவுக்குத்தான் ஏற்ற வேண்டும். 'குளிர்ச்சி வரும்வரை' என்று உத்தேசமாக ஏற்றினால், கூடிப்போன கேஸும் குளிர்ச்சியைக் குறைக்கும், கம்ப்ரஸரையும் கெடுக்கும்.

எலி வயரைக் கடிக்கிறது. புகையிலை வைத்தால் போகுமா?
– வாசகி, தாம்பரம்

இரண்டு நாள் போகும், வாடை அடங்கியதும் வந்துவிடும். கேபின் காற்று நுழையும் இடத்தில் சின்னக் கண் இரும்பு வலை அடியுங்கள். காரை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள். உள்ளே பிஸ்கட் தூள் இல்லாமல் பாருங்கள்.

மழை வெள்ளத்தில் கார் கதவுப் பாதி வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

கூடவே கூடாது. சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அமுங்க மறுக்கும், கனெக்டிங் ராடு வளையும். அதுவரை சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கக்கூடிய இன்ஜின், அந்த ஒரு திருப்பலில் பிரித்துப் போடும் இன்ஜினாகிவிடும். காப்பீட்டிலும் இதுதான் சிக்கல். சாதாரணமான முழுக் காப்பீட்டில், வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த இன்ஜின் சேதம் வேறு. பின்னது பொதுவாக 'இன்ஜின் ப்ரொடக்‌ஷன்' என்ற கூடுதல் கவர் இருந்தால்தான் கிடைக்கும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த உங்கள் பகுதியில் அந்தக் கவர் இல்லாமல் பாலிசி புதுப்பிக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: தண்ணீர் ஏறிய கறை தெரியும்படி உள்ளும் வெளியும் போட்டோ எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, கயிறு கட்டி இழுக்காமல் தட்டை லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். அங்கே முதலில் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பார்கள், பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே மேற்கொண்டு வேலை. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் மூன்றும் மாற வேண்டும். சீட்டுகளைக் கழற்றித் தரைவிரிப்பை முழுதாக எடுத்து வெயிலில் உலர்த்தச் சொல்லுங்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியர் லீவருக்குக் கீழே, அந்தத் தரையிலேயேதான் இருக்கிறது.